டப்பாவில் இல்லாத குழந்தை முகம்

குழந்தைப் பால்மாவு விற்கும் மருந்துக் கடை ஆர்.கே.பேட்டையின் கடைத்தெருவில் இருந்தாலும் சென்னையின் பெருஞ்சாலையில் இருந்தாலும், அந்தப் பால்மாவு டப்பாவின் மேலுறை மற்ற சரக்குகளின் உறைகளிலிருந்து இரண்டு வகையில் வேறுபட்டு நிற்கும். பிஸ்கட் உறையிலும் சோப்பு உறையிலும் கொழுகொழுக் குழந்தையின் முகம் சிரிக்க, குழந்தைக்கென்றே செய்யப்பட்ட பால்மாவின் உறையில் குழந்தையின் படமோ தாயின் படமோ இருக்காது. தாய்ப்பாலே குழந்தைக்கு மிகச் சிறந்தது என்று அறிவிக்கும் வாசகம் மட்டும் கண்ணில் படும்படி அச்சிடப்பட்டிருக்கும். விலை வைத்து விற்கும் தன் சரக்கைவிட விலையில்லாமல் கிடைக்கும் ஒன்றே மேலானது என்பதை விற்பவரே எழுதி விற்க வேண்டும் என்னும் இந்த ஏற்பாட்டை எந்த நிறுவனமும் தானாக முன்வந்து செய்யவில்லை. மருத்துவர்கள், ஊட்டச்சத்து ஆய்வாளர்கள், நுகர்வோர் அமைப்புகள், தாய்மார் குழுக்கள் ஆகியோர் பல நாடுகளில் பல பத்தாண்டுகள் நடத்திய போராட்டத்தின் விளைவாகவே அது 1992-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றது. உணவு நிறுவனங்களைக் கணக்குக் கேட்கும் உரிமை மக்களுக்கு எவ்வாறு வந்தது என்பதையும், அந்த உரிமை எதுவரை செல்லும் என்பதையும் விளக்க இவ்வரலாற்றைவிடப் பொருத்தமான சான்று அரிது.

பாலாடையும் டப்பாவும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஆர்.கே.பேட்டை ஒன்றியம், 1960-ஆம் ஆண்டின் எல்லைச் சீரமைப்பின்போது சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த பகுதியைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்தில் உழவும் நெசவும் முதன்மைத் தொழில்கள். அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் தறியே வீட்டின் வருமானம். வட தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே இங்கும் தாய்ப்பாலுக்கு அடுத்த உணவாகக் கேழ்வரகைக் கட்டி வைத்து முளைவிட்டதும் அரைத்துப் பிழிந்த பாலையும், குழைந்த சோற்றையும் ஊட்டும் பழக்கம் இருந்தது. நேரடியாகப் பாலருந்த முடியாத குழந்தைக்குச் சங்கிலோ பாலாடையிலோ புகட்டினார்கள். ஒரு பக்கம் மூக்குப் போல நீண்ட அந்தச் சிறு கிண்ணத்தைக் கழுவுவது எளிது; ரப்பர் காம்பும் குறுகிய கழுத்தும் கொண்ட புட்டியைப் போல அழுக்குத் தங்கும் இடுக்கு அதில் இல்லை. இன்றைய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் புட்டிக்கு மாற்றாகப் பாலாடை பயன்படுவதற்கும் இதுவே காரணம்.

எனினும் பழைய வழக்கம் முழுவதும் நன்மையே என்று சொல்வதற்கில்லை. பிரசவத்துக்குப் பின் முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் நோய் எதிர்ப்பு ஆற்றல் மிகுதியாக உண்டு. அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சி விடுவதும், பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் ‘சேனை’ வழக்கமும் பல குடும்பங்களில் இருந்தன. ஆகவே பிற்காலத்தில் தாய்ப்பாலுக்காக எழுந்த இயக்கம் பால்மாவு நிறுவனங்களோடு மட்டுமின்றி, வீட்டுக்குள்ளிருந்த நம்பிக்கைகளோடும் பேச வேண்டியிருந்தது.

இவ்வழக்கங்களுக்கு நடுவே டப்பாப் பால் வந்தது. 1867-இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்ரி நெஸ்லே குழந்தைகளுக்கான பால்மாவை உருவாக்கினார். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 1912 முதல் இந்தியாவில் தன் பொருள்களை இறக்கி விற்றது. கிளாக்ஸோ பால்மாவின் நிறுவனம் 1924-இல் பம்பாயில் கால்கொண்டது. இவற்றின் விளம்பரங்களில் கொழுத்த குழந்தையின் படமே மையமாக இருந்தது. பருமனே நலத்தின் அளவுகோல் என்னும் எண்ணம் அப்படங்களின் வழியே பரவி, ‘கிளாக்ஸோ பேபி மாதிரி’ என்னும் சொல்லாட்சி தமிழ்ப் பேச்சிலேயே நிலைத்தது. சுதந்திரத்துக்குப் பின், மைசூரில் 1950-இல் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையைக் கண்டறிய, குஜராத்தின் கூட்டுறவுப் பால் நிறுவனம் அதை வணிக அளவில் செய்தது. இவ்வாறு வெளிநாட்டு நிறுவனங்களோடு உள்நாட்டு உற்பத்தியும் சேர்ந்ததால், பால்மாவு நகரச் செல்வர்களின் வீட்டைத் தாண்டி நடுத்தரக் குடும்பங்களுக்கும், பிறகு அவர்களைப் பார்த்து ஏழைக் குடும்பங்களுக்கும் சென்றது.

குன்னூர் தந்த சான்று

வணிக உணவைக் கேள்வி கேட்கும் மரபு தமிழகத்தில் பால்மாவுக்கு முன்பே, அரிசியில் தொடங்கிவிட்டது. உமியோடு தவிட்டையும் நீக்கி வெள்ளையாக்கும் இயந்திர ஆலைகள் பெருகியபோது, தவிட்டில் உள்ள உயிர்ச்சத்து இல்லாமல் போவதால் வரும் பெரிபெரி நோய் சென்னை மாகாணத்தின் வட மாவட்டங்களில் ஆராயப்பட்டது. குன்னூரில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்து ஒப்பிட்டார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரியாக 235 கிராம் எடைக்கு வளர, தீட்டிய அரிசியை அடிப்படையாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை 155 கிராமோடு நின்றுவிட்டன. இத்தகைய ஆய்வு முடிவுகளைக் காந்தியடிகளின் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் மக்களிடம் கொண்டு சென்றது. 1934-இல் தொடங்கிய அச்சங்கத்தின் பணியைத் தலைமையேற்று நடத்தியவர் தஞ்சையில் பிறந்து, பிற்காலத்தில் மதுரைப் பகுதியின் தே.கல்லுப்பட்டியில் வாழ்ந்த பொருளியல் அறிஞர் ஜே.சி.குமரப்பா. கைக்குத்தல் அரிசியை அவர் உடல்நலத்தின் கேள்வியாகவும் கிராமப் பெண்களின் பிழைப்பின் கேள்வியாகவும் ஒருசேரப் பார்த்தார். சாப்பிடுபவருக்கு என்ன கிடைக்கிறது, செய்பவருக்கு என்ன கிடைக்கிறது என்னும் அவருடைய இரட்டைக் கேள்வி, பின்னர் வந்த உணவு இயக்கங்களிலும் ஒலித்தது.

அதே குன்னூர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இன்னொருவர், சேலத்தில் 1918-இல் பிறந்த சி.கோபாலன். ஏழைத் தாய்மார்களின் பால்சுரப்பை அளந்து அவர் 1950-களில் வெளியிட்ட ஆய்வுகள், ஊட்டம் குறைந்த தாயிடமும் குழந்தையை வளர்க்கத் தக்க பால் பல மாதங்கள் சுரக்கிறது என்பதைக் காட்டின. ஏழைத் தாயின் பாலில் சத்து இருக்காது, ஆகவே டப்பாப் பால் வேண்டும் என்ற வணிக வாதத்துக்கு இதைவிட நேரான மறுப்பு இல்லை. தாய்க்கு உணவு கொடுப்பதே குழந்தைக்கு உணவு கொடுக்கும் வழி என்பதும் இதிலிருந்து பெறப்பட்டது. 1958-இல் ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டுப் பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அதன் இயக்குநராகவும் இருந்த கோபாலன், தம் நூறாம் வயதில் 2019-இல் மறைந்தார்.

சிங்கப்பூரிலிருந்து ஜெனிவா வரை

பால்மாவு வணிகத்தின் மீது முதல் பெருங்குற்றச்சாட்டு எழுந்த இடம், தமிழர்கள் பெருமளவில் வேலைக்குச் சென்ற மலாயா நிலப்பகுதி. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் பேசிய குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், ‘பாலும் கொலையும்’ என்று தம் உரைக்குத் தலைப்பிட்டு, குழந்தைகளுக்கு ஏற்றதல்லாத இனிப்பூட்டிய கெட்டிப்பாலை அவர்களுக்குரிய உணவென்று தாய்மார்களிடம் பரப்புவதைக் கண்டித்தார். இக்குற்றச்சாட்டின் உள்ளியக்கத்தைப் புரிந்துகொள்வது அவசியம். குழந்தை சப்பச் சப்பத்தான் தாயிடம் பால் ஊறும். இலவசமாகக் கிடைத்த ஒரு டப்பா தீரும் நாள்களுக்குள் சப்புதல் குறைந்து சுரப்பும் வற்றிவிட, அதன்பின் டப்பாவை வாங்குவதைத் தவிரத் தாய்க்கு வேறு வழி இருக்காது. விலை கட்டாத குடும்பம் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டும். தூய நீரும் அடுப்பெரிக்க விறகும் இல்லாத வீட்டில் புட்டி கொதிநீரில் வேகாது. ஆகவே குழந்தை பட்டினியாலும் வயிற்றுப்போக்காலும் ஒருசேர வாடும். இதனை மருத்துவர் டெரிக் ஜெல்லிஃப், வணிகமே விளைவித்த ஊட்டக்குறை என்னும் பொருளில் ஒரு புதுச்சொல் ஆக்கிக் குறித்தார்.

1974-இல் பிரிட்டனின் ‘வார் ஆன் வான்ட்’ அமைப்பு, மைக் முல்லர் எழுதிய ‘தி பேபி கில்லர்’ என்னும் சிறு நூலை வெளியிட்டது. அதை ஜெர்மன் மொழியில், நெஸ்லேயின் பெயரையே தலைப்பில் வைத்து வெளியிட்ட பெர்ன் நகரக் குழுவின் மீது நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அத்தலைப்பு அவதூறு என்று 1976-இல் தீர்ப்பளித்துக் குழுவினருக்குச் சிறு அபராதம் விதித்த நீதிபதி, நிறுவனமும் தன் விளம்பர முறைகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொன்னதால், தோற்றவர்களே உலகின் கவனத்தை வென்றனர். 1977 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் மினியாபொலிசில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. 1979 அக்டோபரில் உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெஃபும் ஜெனிவாவில் கூட்டிய கூட்டத்துக்கு வந்திருந்த தன்னார்வக் குழுக்கள், அங்கேயே சர்வதேசக் குழந்தை உணவுச் செயல் வலையமைப்பை உருவாக்கின.

அவ்வலையமைப்பைக் கட்டியவர்களில் ஒருவரான அன்வர் ஃபசால், மலேசியாவின் பினாங்கிலிருந்து செயல்பட்டவர். உலக நுகர்வோர் அமைப்புகளின் ஒன்றியத்துக்குத் தலைவராக இருந்தவர். பினாங்கில் 1969-இல் எஸ்.எம்.முகமது இட்ரிஸ் தொடங்கிய பயனீட்டாளர் சங்கம், தமிழகத்தில் நுகர்வோர் என்று சொல்லப்படும் மக்களைப் ‘பயனீட்டாளர்’ என்று பெயரிட்டு, அவர்களிடம் தமிழிலும் பேசியது. உணவுக்கு விலை கொடுப்பவர் அதன் தன்மையைக் கேட்டறியும் உரிமை உடையவர் என்னும் கருத்து வங்கக் கடலின் இரு கரைகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தது. சென்னையில் 1985-இல் குடிமக்கள், நுகர்வோர் செயற்குழுவான ‘கேக்’ உருவானது.

1981 மே 21 அன்று உலக நலவாழ்வுப் பேரவை, தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனை குறித்த சர்வதேச நெறிமுறையை நிறைவேற்றியது. ஆதரவாக 118 நாடுகளும், எதிராக அமெரிக்கா மட்டுமும் வாக்களிக்க, மூன்று நாடுகள் ஒதுங்கி நின்றன. தாய்ப்பாலுக்குப் பதிலாக முழுமையாகவோ ஓரளவோ கொடுக்கப்படும் பொருள்களைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதையும், தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதையும், மருத்துவப் பணியாளர்களுக்குப் பரிசு தந்து விற்பனையைத் தூண்டுவதையும் விலக்கிய இந்நெறிமுறை, பால்மாவு விற்பனையையே தடை செய்யவில்லை. தாயை இழந்த குழந்தைக்கும் தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கும் அது தேவைப்படும் என்பதை ஏற்று, தேவையை விளம்பரத்தால் உருவாக்குவதை மட்டுமே அது தடுத்தது.

புகார் கொடுக்கும் நாற்காலி

நெறிமுறை என்பது பரிந்துரை. அதைச் சட்டமாக்குவது அந்தந்த நாட்டின் கையில் இருந்தது. இந்தியா 1983-இல் தனக்கென ஒரு தேசிய நெறிமுறையை ஏற்றது; ஆனால் மீறியவரைத் தண்டிக்க அதில் வழியில்லை. மருத்துவர்களும் நுகர்வோர் அமைப்புகளும் தொடர்ந்து வற்புறுத்தியதன் பின், 1992 டிசம்பரில் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், பாலூட்டும் புட்டிகள், குழந்தை உணவுகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பட்டு, 1993 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் இயற்றப்பட்டதற்கு ஓராண்டு முன்பு, 1991 டிசம்பரில், இந்தியத் தாய்ப்பாலூட்டல் ஊக்குவிப்பு வலையமைப்பு வார்தாவில் தோன்றியது. குமரப்பா கைக்குத்தல் அரிசிக்காக உழைத்த அதே வார்தாவில் அது பிறந்தது பொருத்தமான தற்செயல்.

இச்சட்டத்தின் பெருஞ்சிறப்பு அதன் 21-ஆம் பிரிவில் உள்ளது. அரசு அதிகாரிகளைப் போலவே, குழந்தை நலத்திலும் ஊட்டச்சத்திலும் ஈடுபட்டு அரசால் அறிவிக்கப்பட்ட தன்னார்வ அமைப்பின் பிரதிநிதியும் நீதிமன்றத்தில் எழுத்து வழியாகப் புகார் அளிக்கலாம் என்று அப்பிரிவு கூறுகிறது. உணவுச் சட்டங்களில் வழக்குத் தொடுக்கும் அதிகாரம் பொதுவாக ஆய்வாளரிடமே இருக்கும். அவர் அசையாவிட்டால் சட்டமும் அசையாது. இங்கோ இந்தியத் தாய்ப்பாலூட்டல் ஊக்குவிப்பு வலையமைப்பு, இந்தியக் குழந்தைகள் நலச் சங்கம், மும்பையில் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ‘அகாஷ்’ என்னும் நுகர்வோர் அமைப்பு, மத்திய சமூக நல வாரியம் ஆகியவற்றுக்கு அந்த அதிகாரம் தரப்பட்டது. 1990-களின் நடுவில் அகாஷ் அதைப் பயன்படுத்தி, உறையில் இருக்க வேண்டிய அறிவிப்புகள் சட்டப்படி இல்லை என்று பெருநிறுவனங்களின் மீது புகார் செய்தது. 2003-இல் வந்த திருத்தம் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான உணவுகள் அனைத்தின் விளம்பரத்தையும் தடுத்து, மருத்துவர் மாநாடுகளுக்கு இந்நிறுவனங்கள் பணம் தருவதையும் விலக்கியது.

சட்டம் வலுவுள்ளதாயினும் அதன் தண்டனைப் பகுதி காலத்தோடு வளரவில்லை. மூன்றாண்டுச் சிறை வரை விதிக்க இடமிருந்தாலும், பொதுவான மீறல்களுக்கான அபராதத்தின் உச்சம் 5,000 ரூபாயே. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 5,500 கோடி டாலர் மதிப்பில் நடக்கும் வணிகத்துக்கு அத்தொகை ஒரு பொருட்டன்று. ஆகவே இச்சட்டத்தின் உண்மையான காவல், மீறலைக் கண்டு ஊரறியச் சொல்லும் கண்களிடம் இருக்கிறது.

ஒப்பந்ததாரரும் பால்வாடியும்

குழந்தை உணவின் கணக்கு டப்பாவோடு முடிவதில்லை. 1980-இல் மதுரைப் பகுதியின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஊரிலேயே வாழும் பெண் பணியாளர் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை கூடாத குழந்தைக்கு இணை உணவு தரும் முறையை வகுத்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அரசு விரிவாக்கிய சத்துணவுத் திட்டமும் அங்கன்வாடிகளும் சேர்ந்து, பால்வாடி என்ற சொல்லை எல்லா ஊரின் சொல்லாக்கின. மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001-இல் தொடுத்த உணவு உரிமை வழக்கில், சமைத்த மதிய உணவை எல்லா மாநிலங்களும் தர வேண்டும் என்று அவ்வாண்டு நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, தமிழகம் அதற்கு முன்மாதிரியாக நின்றது. 2004 அக்டோபரில் அதே நீதிமன்றம், அங்கன்வாடி உணவு வழங்கலில் ஒப்பந்ததாரர்களை அமர்த்தக்கூடாது என்றது. அதன்பின்னும் 2007-ஐ ஒட்டி, சமைத்த உணவுக்கு மாற்றாகப் பிஸ்கட் தரலாம் என்று பிஸ்கட் உற்பத்தியாளர் சங்கம் நாடாளுமன்ற உறுப்பினர்களை அணுகியது. உணவு உரிமை இயக்கத்தினரும் பொருளியல் அறிஞர்களும் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. சோற்றுக்கும் பிஸ்கட்டுக்கும் உள்ள வேறுபாடு சத்தில் மட்டும் இல்லை: சோறு ஊரில் வேகிறது, அதை ஊர் பார்க்கிறது, குறை இருந்தால் அன்றே கேட்கிறது.

இன்றைய கணக்கு

2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ அமைப்பும் சர்வதேசக் குழந்தை உணவுச் செயல் வலையமைப்பும் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பாவில் சர்க்கரை சேர்க்காமல் விற்கப்படும் நெஸ்லேயின் செரிலாக் உணவில், இந்தியாவில் ஒரு வேளை அளவுக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருப்பதாகக் கூறியது. உள்நாட்டு விதிகளின்படியே செய்வதாகவும், ஐந்தாண்டுகளில் சேர்க்கும் சர்க்கரையை 30 விழுக்காடு வரை குறைத்திருப்பதாகவும் விளக்கம் தந்த நிறுவனம், அவ்வாண்டே சர்க்கரை சேர்க்காத வகைகளை இந்தியாவுக்கும் கொண்டு வந்தது. விதி இடம் கொடுத்தது என்பதால் மட்டும் ஒரு நாட்டுக் குழந்தைக்கு ஓர் அளவும் இன்னொரு நாட்டுக் குழந்தைக்கு வேறோர் அளவும் முறையாகிவிடுமா என்னும் கேள்வியை எழுப்பியவர்கள் குடிமக்கள் அமைப்பினர். அதன் பிறகே அரசுத் துறைகள் கவனித்தன.

நிறுவனத்தைக் கட்டுப்படுத்தினால் மட்டும் தாய்ப்பால் பெருகிவிடாது என்பதையும் தமிழகத்தின் நிலை உணர்த்துகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, மாநிலத்தில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஆயினும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரே. சீம்பாலைப் பீய்ச்சி விட்ட பாட்டியின் மீது இனிப் பழிபோட முடியாது. பிரசவ அறையின் நடைமுறையும், ஏறத்தாழ 45 விழுக்காட்டை எட்டிவிட்ட அறுவைப் பிரசவமும் இதற்கு விடை சொல்ல வேண்டும். பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட, 1991-இல் பிறந்த உலகத் தாய்ப்பால் செயல் கூட்டணி வகுத்த தாய்ப்பால் வாரத்தை ஒட்டி, 2015 ஆகஸ்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் 300-க்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. கும்மிடிப்பூண்டியின் பெரிய தொழிற்சாலையில் நிரந்தரப் பணியிலுள்ள பெண்ணுக்கு 2017-ஆம் ஆண்டுத் திருத்தப்படி 26 வாரச் சம்பள விடுப்பும், 50 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் உண்டு. அதே மாவட்டத்தின் இன்னொரு முனையில், வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்யும் பெண்ணுக்குத் தறியில் உட்காராத நாளில் கூலி இல்லை. அரசின் மகப்பேறு நிதியுதவி தீர்ந்தபின் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்லும் அறிவுரை அவர் மீது ஏற்றும் சுமையை எவரும் கணக்கிடுவதில்லை. செய்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று குமரப்பா அரிசியைப் பார்த்துக் கேட்ட கேள்வி, தாய்ப்பாலுக்கும் அப்படியே பொருந்துகிறது.

குன்னூர் ஆய்வுக்கூடத்தின் எலிகளிலிருந்து பினாங்கின் பயனீட்டாளர் வரை நீளும் இவ்வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது: அறிவியல் உண்மையைக் கண்டறிந்தது, மக்கள் அமைப்புகள் அதைச் சுமந்து சென்றன, சட்டம் இறுதியில் வந்து அதற்கு அதிகாரம் தந்தது. நீதிமன்றத்தில் புகார் அளிக்கும் உரிமை அறிவிக்கப்பட்ட சில அமைப்புகளுக்கே உண்டென்றாலும், அப்புகாருக்குரிய சான்று ஊர்க் கடைகளிலிருந்தும் மகப்பேறு வார்டுகளிலிருந்தும்தான் செல்ல வேண்டும். ஆர்.கே.பேட்டையின் மருந்துக் கடை அலமாரியில் ஒரு பால்மாவு டப்பாவின் மேல் குழந்தை முகம் திரும்பி வந்திருந்தால் அது சட்ட மீறல் என்று அடையாளம் காணத் தெரிந்த அங்கன்வாடிப் பணியாளரோ மகளிர் குழு உறுப்பினரோ அவ்வூரில் இருக்கும் வரைதான், 1992-ஆம் ஆண்டுச் சட்டம் உயிரோடு இருக்கும்.